பாதையில் ஏறிய வாகனமும் மிதவைத்துறையில் ஏறிய போர்க்கப்பலும்

திருகோணமலையிலிருந்து மூதூர் நோக்கிக் கரையோர வீதியால் பயணம் செய்த பழைய தலைமுறையினருக்குப் 'பாதை' என்ற சொல் வீதியை மட்டும் குறிப்பதன்று. கிழக்கிலே ஆற்றையும் கடனீரேரியையும் கடப்பதற்கு வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவைக்கும் பாதை என்றே பெயர். வீதி நீரிலே முடிந்து மறுகரையிலே மீண்டும் தொடங்கும். இரண்டுக்கும் இடையில் மிதந்து செல்லும் பலகைத் தளத்தையும் மக்கள் பாதை என்றே அழைத்தார்கள். கிண்ணியாத் துறையிலே 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும் வரை அந்தப் பாதைதான் கிண்ணியாவையும் அதற்கப்பாலுள்ள ஊர்களையும் திருகோணமலை நகருடன் இணைத்து வைத்திருந்தது.

செய்தி சேகரிப்பதற்காக அவ்வழியே போய்வந்த நாள்களிலேதான், ஒடுங்கிய இடத்திலே வாகனத்தை முகம் முன்னாகச் செலுத்தி நிறுத்துவது எவ்வளவு கடினமான வித்தை என்பதை நான் அறிந்துகொண்டேன். வாகனம் ஓட்டத் தெரியும் என்ற நினைப்பு எனக்கிருந்தது. நகரத்திலே வீதியோரம் நிறுத்துவதும், கச்சேரி வளவினுள் மர நிழல் தேடி நிறுத்துவதும் பழகிப்போனவை. பாதையிலே அந்த நினைப்புச் செல்லாது. சாய்தளத்தால் இறங்கி, அசைந்துகொண்டிருக்கும் தளத்தில் ஏறி, முன்னே நிற்கும் லொறியின் பின்புறத்துக்கும் பக்கத்தில் நிற்கும் பஸ்ஸுக்கும் இடையிலே ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். முதற்றடவை முன்சக்கரம் தளத்தைத் தொட்டவுடனேயே நான் சுக்கானைத் திருப்பிவிட்டேன். வாகனத்தின் முகம் உள்ளே போனது. பின்சக்கரம் ஓரத்துக் கட்டையில் ஏறியது. கையசைத்து வழிகாட்டிக்கொண்டிருந்த முதியவர் ஓடிவந்து, "தம்பி, தலையைப் பார்த்து ஓட்டாதீங்க, வாலைப் பார்த்து ஓட்டுங்க" என்றார்.

அந்த வார்த்தையின் முழுப்பொருளும் விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. விளங்க வைத்ததோ வாகனமன்று. திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு.

முதலில் வாகனத்தின் கணக்கைப் பார்ப்போம். காரிலே திரும்புபவை முன்சக்கரங்கள். பின்சக்கரங்கள் திரும்புவதில்லை; அவை இழுத்த இழுப்புக்கு வருபவை. ஆனால் முன்சக்கரம் போன தடத்திலேயே பின்சக்கரம் வருவதுமில்லை. வளைவின் உட்புறமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். ஆகவே முகம் முன்னாக ஒடுங்கிய இடத்தினுள் நுழைபவன், நுழைய வேண்டிய வாயிலைச் சற்றுக் கடந்து சென்று, தாமதித்து, அகலமாகத் திரும்ப வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் முகம் நுழையும், விலாப்புறம் தட்டும். பின்னோக்கிச் செலுத்தி நிறுத்துவது எளிது என்று பழகியவர்கள் சொல்வதன் காரணமும் இதுவே. அப்போது திரும்பாத சக்கரங்கள் முதலில் உள்ளே போய்விடுகின்றன. திரும்பும் சக்கரங்கள் வெளியிலே நின்று வாகனத்தை ஒழுங்குபடுத்துகின்றன.

கப்பலோ இதற்கு நேர்மாறானது. அதன் சுக்கான் இருப்பது பின்புறத்திலே. முன்னோக்கிச் செல்லும் கப்பல், தன் முகப்பிலிருந்து ஏறக்குறைய நீளத்தின் மூன்றிலொரு பங்கு தூரத்திலுள்ள ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு சுழல்கிறது. முகப்பு வலப்பக்கம் சிறிது திரும்பும்போது பின்பகுதி இடப்பக்கம் பெரிதாக வீசும். காரின் வால் உட்புறமாக வெட்டுகிறது. கப்பலின் வால் வெளிப்புறமாக வீசுகிறது. அதனாற்றான் முன்னே செல்லும் கப்பல், பின்னே செல்லும் காரைப் போல நடந்துகொள்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. இத்தோடு கப்பலுக்கு நிறுத்துகட்டை கிடையாது. பின்னோக்கி இயந்திரத்தைச் செலுத்தினால் சுக்கானின் பிடி தளர்ந்துவிடும். நீரோட்டமும் காற்றும் தம் பங்குக்குத் தள்ளும். துறைமுகந்தோறும் உள்ளூர் நீரை அறிந்த வழிகாட்டி மாலுமி ஒருவர் கப்பலில் ஏறுவதும், இழுவைப் படகுகள் பக்கத்தில் நின்று தள்ளுவதும் இந்த இடரினாலேயே.

திருகோணமலை உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்பது பாடப்புத்தகத்திலே நாம் படித்த வாக்கியம். அது ஏன் சிறந்தது என்பதைப் படித்ததைவிடப் பார்த்தால் எளிதில் விளங்கும். கொட்டியாரக் குடா கிழக்கே திறந்த கடலுக்கு வாய் காட்டி நிற்கிறது. அதன் வடபுறத்திலே, குன்றுகளுக்கும் முனைகளுக்கும் பின்னால் மறைந்து கிடக்கிறது உட்துறைமுகம். கடலடியிலே மிக ஆழமான பள்ளத்தாக்கொன்று குடாவினுள் வந்து சேர்வதால் கரைக்கு அண்மையிலும் நீர் ஆழமானது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே சோழமண்டலக் கரையிலே கப்பலுக்கு ஒதுங்க இடமில்லை. பாய்க்கப்பற் காலத்துச் சென்னை வெறும் திறந்த கடற்கரையாகவே இருந்தது. ஆகவே வங்கக்கடலில் ஆட்சி நாட்டிய ஐரோப்பியர் அனைவரும் இந்தக் குன்றுகளுக்குப் பின்னாலுள்ள நீரைத் தேடி வந்தார்கள். போர்த்துக்கேயர் 1624இல் கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1639இல் அதைப் பிடித்தனர். 1659இன் பிற்பகுதியில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலிலே பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று செப்பனிடுவதற்காகக் கொட்டியாரத்துக்கு வந்தது. கரையிறங்கிய தந்தையும் மகனும் கண்டி மன்னனின் ஆள்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். மகனின் பெயர் ரொபேர்ட் நொக்ஸ். 1679இல் தப்பிய அவர் எழுதிய நூல் 1681இல் வெளியானது. செப்பனிட வந்த கப்பலாலேயே இலங்கை பற்றிய புகழ்பெற்ற நூலொன்று பிறந்தது.

உள்ளே வந்துவிட்டால் பாதுகாப்பு. ஆனால் உள்ளே வருவது? 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரன் அதைப் பறித்தார். செப்டெம்பர் 3ஆம் நாள் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களோடு வெளிக்கடலிலே கடும்போர் நடந்தது. போரிலே சஃப்ரன் ஒரு கப்பலையும் இழக்கவில்லை. சில நாள்கள் கழித்துத் துறைமுகத்துக்குத் திரும்புகையில், 74 பீரங்கிகள் கொண்ட 'லோரியான்' என்ற கப்பல் பாறையில் மோதி அழிந்தது. எதிரியின் குண்டுகளுக்குத் தப்பியது, துறையின் வாயிலுக்குத் தப்பவில்லை. அதன் பாய்மரங்களைக் கழற்றி, போரிலே மரமிழந்த தலைமைக் கப்பலுக்கு நாட்டினார்கள் என்பது வரலாறு. நுழைவாயிலை அறியாதவனுக்கு நல்ல துறைமுகமும் பகையே.

இனி நான் சொல்லவந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். இரண்டாம் உலகப்போரில் 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிரித்தானியர் அங்கே 50,000 தொன் தூக்கவல்ல மிதக்கும் உலர்துறையொன்றை 1928இல் கொண்டுவந்து நிறுவியிருந்தனர். தரையிலே வெட்டிக் கட்டிய பெரிய உலர்துறையும் 1938இல் திறக்கப்பட்டது. இரண்டும் கைநழுவின. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முன்கூட்டியே கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தன. ஆயினும் விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மிஸ்' மட்டக்களப்புக்கு அப்பாலான கடலில் அதே நாள் மூழ்கடிக்கப்பட்டது. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்றும் அன்று எரிந்தது. கிழக்குக் கடற்படையின் பெரும்பகுதி ஆபிரிக்கக் கரைக்கு ஒதுங்கியது. பின்னரே அது இலங்கைக்குத் திரும்பியது.

திரும்பிய கடற்படைக்கு ஒரு குறை இருந்தது. போர்க்கப்பலின் அடிப்பகுதியைக் கழுவிச் செப்பனிட உலர்துறை வேண்டும். வெப்பக்கடலிலே பாசியும் சிப்பியும் படிந்து கப்பலின் வேகம் குறைந்துவிடும். கொழும்பிலிருந்த உலர்துறை பெரும் போர்க்கப்பலின் அகலத்துக்குப் போதாது. ஆகவே பம்பாயிலே கட்டப்பட்ட பெரிய மிதக்கும் உலர்துறையொன்று, 23 என்ற இலக்கம் கொண்டது, திருகோணமலைக்கு இழுத்து வரப்பட்டது. பம்பாய்க்கும் திருகோணமலைக்கும் முன்னரும் ஓர் உறவுண்டு. வாடியா குடும்பத்துப் பார்சிக் கைவினைஞர்கள் தேக்கு மரத்தாற் கட்டி 1817 ஒக்டோபர் 12ஆம் நாள் பம்பாயில் மிதக்கவிட்ட போர்க்கப்பலுக்குத் 'திருகோணமலை' என்றே பெயர். அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹாட்லிபூல் நகரிலே பேணப்படுகிறது. பம்பாயிலே பிறந்த மரக்கப்பல் இருநூறாண்டு தாண்டி வாழ்கிறது. பம்பாயிலே பிறந்த இரும்புத்துறையோ ஓராண்டும் நிலைக்கவில்லை.

மிதக்கும் உலர்துறை என்பதை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது மேல்மூடியற்ற ஒரு பெட்டி போலிருக்கும்; முன்னும் பின்னும் திறந்தது. அடித்தளமும் இரு பக்கச் சுவர்களும் பல அறைகளாகப் பிரிக்கப்பட்ட நீர்த்தாங்கிகள். தாங்கிகளிலே கடல்நீரை விட்டால் துறை அமிழும். கப்பல் முகம் முன்னாக மெல்ல மெல்ல உள்ளே இழுத்து வரப்படும். தளத்தின் நடுவிலே வரிசையாக வைத்த கட்டைகளின் மேலே கப்பலின் அடிமரம் நேராக அமர வேண்டும். பின்னர் தாங்கிகளிலுள்ள நீரைப் பம்பியால் இறைத்தால் துறை கப்பலையும் தூக்கிக்கொண்டு எழும்.

பார்வைக்கு, நுழைவதுதான் கடினமான பகுதி. உண்மையில் நுழைந்த பின்னரே ஆபத்துத் தொடங்குகிறது. போர்க்கப்பலின் எடை எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. பீரங்கி மேடைகள், கவசங்கள், இயந்திரங்கள், குண்டுக் களஞ்சியங்கள் இருக்குமிடத்தில் எடை குவிந்திருக்கும். முகப்பும் வாலும் இலேசானவை. மேலே எந்த இடத்தில் எவ்வளவு எடையோ, அதற்கேற்பக் கீழேயுள்ள தாங்கிகளிலிருந்து நீரை இறைக்க வேண்டும். ஓரிடத்தில் மிகுதியாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் இறைத்தால், துறை ஒருபக்கம் எழும்பவும் இன்னொருபக்கம் அழுந்தவும் முயலும். நீண்ட பலகையை இரு முனையில் தூக்கி நடுவிலே பாரம் வைத்தால் என்னவாகும்? அதுவே ஆகும்.

1944 ஓகஸ்ட் 8ஆம் நாள் அந்தத் துறையினுள் இருந்த கப்பல் 'வேலியன்ட்'. அதன் வரலாறு அறிந்தவர்கள் அக்கப்பலுக்கு ஆயுள் கெட்டி என்பார்கள். ஸ்கொட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரையிலே 1914 நவம்பரில் நீரில் இறக்கப்பட்டது. ஏறக்குறைய 196 மீற்றர் நீளம். 15 அங்குல விட்டமுள்ள எட்டுப் பீரங்கிகள். 1916இல் ஜட்லண்ட் கடற்போரைக் கண்டது. 1941இல் மத்தியதரைக் கடலின் மாட்டப்பன் போரிலே, பின்னாளில் எலிசபெத் அரசியாரின் கணவரான பிலிப், அதன் இளநிலை அதிகாரியாக ஒளிவிளக்குகளை இயக்கினார். அதே ஆண்டு டிசெம்பர் 19ஆம் நாள் அலெக்சாந்திரியாத் துறைமுகத்திலே இத்தாலியச் சுழியோடிகள் அதன் அடியில் வெடிகுண்டு வைத்தனர். பிடிபட்ட இத்தாலிய அதிகாரி டி லா பென்னேயைக் கப்பலின் தலைவர் மோர்கன் கப்பலின் அடித்தட்டிலேயே அடைத்து வைத்தார். குண்டு வெடித்தது, அவரும் பிழைத்தார், கப்பலும் பிழைத்தது. 1945இல் அந்த இத்தாலியருக்கு வீரப்பதக்கம் வழங்கப்பட்டபோது அதை அவர் மார்பில் குத்தியவர் அதே மோர்கன். உலகப்போரின் விந்தைகளிலே இதுவும் ஒன்று.

1944 ஜூலை 25ஆம் நாள் சுமாத்திராவின் வடமுனையிலுள்ள சபாங் துறைமுகத்தை வேலியன்ட் ஏனைய போர்க்கப்பல்களோடு சேர்ந்து குண்டுவீசித் தாக்கியது. பின்னர் திருகோணமலைக்கு வந்து மிதவைத்துறையில் ஏறியது. குண்டுக் களஞ்சியங்களில் வெடிபொருள் நிறைந்திருந்தது. எடையைக் குறைக்காமலே கப்பலைத் தூக்க முனைந்தார்கள். தாங்கிகளை வெறுமையாக்கிய ஒழுங்கு கப்பலின் எடைப் பரம்பலுக்குப் பொருந்தவில்லை. துறையின் முனைப்பகுதிகளிலே தாங்கவியலாத அழுத்தம் ஏறியது. துறையின் முதுகெலும்பு முறிந்தது. முறிந்த துறை மூழ்கியது. வேலியன்டின் கொதிகலன்களிலே நீராவி இருந்ததாலே அது மிதந்து தப்பியது. ஆனால் வாற்புறம் சிதைந்தது. நான்கு சுழலிகளுள் உட்புறத்து இரண்டும் இறுகிப்போயின. சுக்கான்களுள் ஒன்றும் அவ்வாறே.

ஜேர்மானியரின் பீரங்கிக்கும் இத்தாலியரின் குண்டுக்கும் அடங்காத கப்பலை, தன்னுடைய சொந்தத் துறையிலே, அமைதியான நீரிலே, நிறுத்தி வைக்கும் வேளையிலே முடக்கியது இறைக்கும் ஒழுங்கிலே நேர்ந்த பிழை. நேர்கோட்டிலே ஓட முடியாத அக்கப்பல், எட்டுக் கடல்மைல் வேகத்துக்கு மேற்போக இயலாமல், சுயஸ் வரை தட்டுத்தடுமாறிச் சென்றது. அங்கே இறுகிய சுழலிகளும் அவற்றின் அச்சுத்தண்டுகளும் நீருக்கடியிலே வெட்டி அகற்றப்பட்டன. பிரித்தானியாவுக்கு மீண்ட வேலியன்ட் அதன்பின் போருக்குச் செல்லவில்லை. கரையோரத்தில் பயிற்சிக் கப்பலாக நின்றது. 1948இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது. திருகோணமலை ஒரு நாளிலே ஒரு போர்க்கப்பலையும் இழந்தது, அதைத் தூக்கவல்ல ஒரே துறையையும் இழந்தது.

பாதையிலே எனக்கு வழிகாட்டிய முதியவர் அன்று இன்னொன்றும் சொன்னார். பாரமேற்றிய லொறியை நடுவிலே நிறுத்தும் வரை அவர் ஏனைய வாகனங்களை ஏறவிடமாட்டார். அவசரப்பட்டு ஒலியெழுப்பியவர்களைப் பார்த்து, "ஏறுறது உங்கட கெட்டித்தனம், மிதக்கிறது பாதையின்ர கெட்டித்தனம்" என்றார். இறங்கும்போதும் அவ்வாறே, எந்த வாகனம் முதலில் அசைய வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். கடற்படையின் பொறியியலாளர்கள் அட்டவணை போட்டுச் செய்ய வேண்டியிருந்த கணக்கை, அந்த மனிதர் கண்ணாலே செய்துகொண்டிருந்தார். தளம் எந்தப் பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதை அவர் காலடி அறிந்திருந்தது. அத்தகையோரின் பெயர்களை எந்த வரலாற்றுநூலும் குறித்து வைக்கவில்லை. பாலங்கள் வந்தபின் அவர்களுடைய அறிவுக்கும் வேலையில்லாமற் போனது.

பாலம் வந்தது நல்லதே. அதிலே எனக்கு ஐயமில்லை. பாதைக்காக வெயிலிலே காத்து நின்ற கருப்பிணிகளையும் நோயாளிகளையும் கண்டவன் நான். பழைமையை நினைத்து ஏங்குவதற்கு இது இடமன்று. என் கவலை வேறு. அந்த அறிவு போய்விட்டது; ஆனால் பாதை முற்றாகப் போய்விடவில்லை.

2021 நவம்பர் 23ஆம் நாள் காலை, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிலே, பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் மக்கள் மாற்றுவழியாகப் பயன்படுத்திய பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன சிறுவர்கள் அதிலே இருந்தார்கள். அன்றே ஆறு உயிர்கள் போயின. எண்ணிக்கை பின்னரும் உயர்ந்தது. ஊர் கொதித்தெழுந்தது. பாலம் ஏன் தாமதமானது, அனுமதி கொடுத்தது யார், மேற்பார்வை செய்ய வேண்டியவர் யார் என்ற கேள்விகள் எழுந்தன. எல்லாம் கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. அவற்றோடு இன்னொரு கேள்வியும் என் மனத்திலே எழுந்தது. எத்தனை பேர் ஏறலாம், எங்கே நிற்கலாம், யார் முதலில் இறங்கலாம் என்று சொல்லவும், சொன்னால் கேட்கவைக்கவும் அதிகாரம் பெற்ற ஒருவர் அந்தத் துறையிலே நின்றிருக்க வேண்டாமா? கிண்ணியாத் துறையிலே ஒரு முதியவர் சம்பளத்துக்குச் செய்த வேலை அதுவல்லவா?

வேலியன்டைப் பற்றி ஆங்கிலத்திலே நூல்கள் இருக்கின்றன. குறிஞ்சாக்கேணியைப் பற்றி நம்மிடம் நாளிதழ்ச் செய்திகள் மட்டுமே இருக்கின்றன, அவையும் மங்கிப்போகும். போர்க்கப்பல் விபத்தில் இரும்பு முறிந்தது. எங்கள் ஊர் விபத்திலே புத்தகப்பைகள் மிதந்தன. இரண்டையும் ஒரே கட்டுரையிலே எழுதுவது பொருந்துமா என்று நெடுநேரம் யோசித்தேன். இரண்டும் ஒரே நீரின் கரையிலே நிகழ்ந்தவை. இரண்டிலும் அழிவைத் தந்தது கடலின் சீற்றமன்று, காற்றுமன்று. தன்மீது ஏறுவதைத் தாங்கும் என்று நம்பப்பட்ட தளமே கைவிட்டது. ஆகவே பொருந்தும் என்றே எண்ணுகிறேன்.

இன்று திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கோதுமையும் சீமெந்து மூலப்பொருளும் ஏற்றிய பெருங்கப்பல்கள் வருகின்றன. உவர்மலையின் சரிவிலே நின்று பார்த்தால், இழுவைப் படகுகள் பக்கத்தில் நின்று தள்ள, அவை குன்றுகளுக்கிடையே மெல்லத் திரும்புவதைக் காணலாம். பார்ப்பவர் கண் முகப்பையே தொடரும். மேலே மேடையில் நிற்கும் வழிகாட்டி மாலுமியோ அடிக்கடி திரும்பி வாற்புறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நானும் இப்போதெல்லாம் ஒடுங்கிய இடத்திலே வாகனத்தை நுழைக்கும்போது சற்றுக் கடந்து சென்று, தாமதித்தே திருப்புகிறேன். நிறுத்திய பின்பும் உடனே இறங்குவதில்லை. நிற்கும் இடம் தாங்குமா என்று ஒருகணம் பார்த்துக்கொள்கிறேன்.